நியூனனுக்குக் குடிவருபவர்களுக்கு

வேலைக் கடிதத்தைப் பார்த்து உறவினர்களிடம் "அட்லாண்டா போகிறோம்" என்று சொல்லியிருப்பீர்கள். வந்து இறங்கும் ஊர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து நியூனனாக இருக்கும். அட்லாண்டாவிலிருந்து ஐ-85 நெடுஞ்சாலையில் தென்மேற்கே சுமார் 40 மைல். கவீட்டா கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) நிர்வாகம் இங்கேதான். நடுவில் பழைய கோர்ட் கட்டடம், அதைச் சுற்றிக் கடைவீதி, பெரிய மரங்கள் நிற்கும் தெருக்கள், ஊருக்கு வெளியே யமஹா தொழிற்சாலை. மண் நம் புதுக்கோட்டைப் பக்கம்போலச் சிவப்பு. பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையில் பட்டால் எளிதில் போகாது.

முதல் வருடம் நாங்கள் ஒரு தவறு செய்தோம். சனிக்கிழமை விடிந்தால் அட்லாண்டாவுக்குக் கிளம்பிவிடுவோம். மளிகை, ஓட்டல், நண்பர்கள் வீடு எல்லாம் அங்கே. நியூனன் தூங்குவதற்கு மட்டும். பக்கத்து வீட்டுக்காரர் பெயரைக்கூடக் கேட்டு வைத்திருக்கவில்லை.

2021 மார்ச் 26, நள்ளிரவு தாண்டிய நேரம். ஈஎஃப்-4 அளவு (0 முதல் 5 வரையிலான அளவீட்டில் 4) டொர்னாடோ, அதாவது சுழற்காற்று, ஊருக்குள் புகுந்தது. நியூனன் உயர்நிலைப் பள்ளி பெரும் சேதமடைந்தது, பல தெருக்களில் வீடுகளின் கூரை போனது. எங்கள் தெரு தப்பியது. காற்று அடங்கியதும் கையில் டார்ச்சுடன் கதவைத் தட்டியவர் அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவர்தான். "எல்லாரும் நல்லா இருக்கீங்களா, குழந்தை எங்கே?" என்று கேட்டார். அவரை எப்படிக் கூப்பிடுவது என்றே எனக்குத் தெரியவில்லை. நான் சொல்வதில் மற்ற எதை மறந்தாலும் சரி, வந்த முதல் வாரத்தில் இரு பக்கத்து வீட்டுக்கும் போய் உங்கள் பெயரைச் சொல்லி, அவர்கள் பெயரைக் கேட்டு, போன் நம்பரை வாங்கி வையுங்கள்.

டொர்னாடோ பற்றி இன்னும் கொஞ்சம். வானிலை அறிவிப்பில் 'வாட்ச்' என்றால் வர வாய்ப்பு இருக்கிறது, கவனமாக இருங்கள் என்று பொருள். 'வார்னிங்' என்றால் வந்துவிட்டது அல்லது ரேடாரில் தெரிகிறது, உடனே ஒளிய வேண்டும். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத குளியலறையோ மாடிப்படிக்குக் கீழ் உள்ள அறையோ போதும். அங்கே செருப்பு, டார்ச், பாஸ்போர்ட் வைத்த பை, பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட் ஆகியவை எப்போதும் இருக்கட்டும். இரவில் போனை சைலண்டில் போட்டுத் தூங்குபவர்கள் எச்சரிக்கை வந்தால் தானாக ஒலிக்கும் வெதர் ரேடியோ ஒன்று வாங்கிவிடுங்கள். பனிப்பொழிவு அபூர்வம், ஆனால் லேசாக விழுந்தாலே வெளியே போகாதீர்கள். 2014 ஜனவரி 28 அன்று இரண்டு அங்குலம் சொச்சம் பனிக்கே அட்லாண்டா சாலைகளில் மக்கள் இரவெல்லாம் காரில் சிக்கிக் கிடந்தார்கள்.

அலுவல் வேலைகளில் அவசரமானது ஓட்டுநர் உரிமம். குடிவந்த 30 நாளுக்குள் ஜார்ஜியா உரிமம் எடுக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் சாலை விதி 20, சாலைக் குறி 20 கேள்விகள், இரண்டிலும் தனித்தனியாகக் குறைந்தது 15 சரியாக இருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர் மட்டும் எடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அட்லாண்டா நகர ரயிலான மார்ட்டா இந்தப் பக்கம் வராது. உரிமம் இல்லாமல் வீட்டில் இருப்பவருக்குப் பகல் பொழுது மிக நீளமாகப் போகும், அந்தத் தனிமையை நான் பார்த்திருக்கிறேன். வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடிக்கக் கூடாது, 2018 முதல் சட்டம். எதிரே சவ ஊர்வலம் வந்தால் பலரும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவார்கள். நீங்களும் நிறுத்துங்கள், இந்த ஊர் அப்படித்தான் மரியாதை செய்கிறது.

பள்ளி ஆகஸ்ட் தொடக்கத்திலேயே திறந்துவிடும். சேர்க்கைக்கு 3231 என்ற தடுப்பூசிப் படிவமும், கண், காது, பல் பரிசோதனைக்கான 3300 படிவமும் கேட்பார்கள். இந்தியாவில் போட்ட ஊசிகளின் அட்டையைக் கைப்பையில் எடுத்து வாருங்கள், பெட்டியில் போடாதீர்கள். நான்கு வயதுப் பிள்ளை இருந்தால் மாநில அரசின் ப்ரீ-கே வகுப்பு இலவசம். லாட்டரிப் பணத்தில் நடக்கிறது, இடம் குறைவு என்பதால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

பழகிய சில நாளிலேயே யாராவது "எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள்?" என்று கேட்பார்கள். கோபப்பட வேண்டாம். நம் ஊரில் "எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பதுபோலத்தான் பெரும்பாலும். "நாங்கள் இந்துக்கள், ரிவர்டேல் கோயிலுக்குப் போவோம்" என்று சொன்னால் போதும், ஆர்வமாக மேலே கேட்பார்கள். பிள்ளைகள் பெரியவர்களிடம் 'மேம்', 'சார்' போட்டுப் பேசப் பழகட்டும்.

சாப்பாட்டில் நமக்கு நெருக்கமானவை நிறைய. சாலையோரத்தில் வேகவைத்த வேர்க்கடலை சுடச்சுட விற்பார்கள், முதன்முறை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. கோடையில் வெண்டைக்காய் எங்கும் கிடைக்கும். கிரிட்ஸ் என்பது மக்காச்சோள ரவைக் கஞ்சிதான். சைவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: இங்கே கீரையையும் பீன்ஸையும் பல இடங்களில் பன்றி இறைச்சி போட்டு வேகவைப்பார்கள். கேட்காமல் வாங்காதீர்கள்.

அட்லாண்டா பயணத்தை மாதம் ஒன்று அல்லது இரண்டாகச் சுருக்கலாம். ரிவர்டேலில் பாலாஜி கோயிலும் சிவன் கோயிலும் ஒரே வளாகத்தில் உள்ளன, நம் பக்கத்திலேயே இருப்பதால் நகருக்குள் போகாமலே வந்துவிடலாம். பெரிய மளிகைக்கு டெகேட்டரில் இந்தியக் கடைகள் உள்ள பட்டேல் பிளாசா. அதற்கு நகரைத் தாண்ட வேண்டும், ஐ-75, ஐ-85 இரண்டும் ஒன்றாகும் இடத்தை மாலை மூன்று மணிக்கு மேல் தொடாதீர்கள். கிரேட்டர் அட்லாண்டா தமிழ்ச் சங்கத்தின் பொங்கல், தீபாவளி விழாக்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். தமிழ் வகுப்புகள் பெரும்பாலும் வடக்குப் பக்கம்தான். அவ்வளவு தூரம் வாராவாரம் ஓட முடியாது என்பதால், இங்கே இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஞாயிறு மாலை வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறோம்.

அப்புறம் தோட்டம். கத்தரி, மிளகாய், பீர்க்கு எல்லாம் இந்த வெயிலில் செழிக்கும். புல்லில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், தீ எறும்புப் புற்று எங்கும் இருக்கும். கறிவேப்பிலையைத் தொட்டியிலேயே வளருங்கள். அக்டோபர் கடைசியில் வீட்டுக்குள் எடுத்துவிட்டு, ஏப்ரல் பாதி தாண்டியதும் வெளியே வையுங்கள். டிசம்பரில் நாங்கள் ஊருக்குப் போனபோது எங்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றியது அந்தப் பெரியவர்தான். பதிலுக்கு ஒரு டப்பா அதிரசம் கொடுத்தோம். இப்போது ஒவ்வொரு தீபாவளிக்கும் எப்போது செய்வீர்கள் என்று அவரே வந்து கேட்கிறார்.