சோலார் பேனல்: வெயில் சூட்டை நம்பி ஏமாறாதீங்க

எங்க கடலூர்ல சோலார் போட்டவங்க நெறைய பேரு அக்னி நட்சத்திரம் வந்தா குஷியாயிடறாங்க, வெயில் கொளுத்துது இனிமே கரண்ட் கொட்டும்னு. மொத தப்பே இதுதான். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்ல. பேனல்ங்கறது சிலிக்கான்ல செஞ்ச சின்னச் சின்ன செல்லு சேந்தது, வெளிச்சம் பட்டா அந்த சிலிக்கான்ல இருக்கற எலக்ட்ரான் பிச்சுக்கிட்டு கெளம்புது, செல்லுக்குள்ள ரெண்டு அடுக்கு சேர்ற எடத்துல இருக்கற மின்புலம் அத ஒரே பக்கமா தள்ளி விடுது, அந்த ஓட்டம்தான் டிசி கரண்ட், இன்வெர்ட்டர் அத வீட்டுக்கு வேண்டிய ஏசி கரண்டா மாத்துது. இதுல சூடு வேலைய கெடுக்கத்தான் செய்யும். பேனல்ல போட்டிருக்கற வாட்ஸ் செல் 25 டிகிரில இருக்கறப்ப அளந்தது, அதுக்கு மேல ஏறுற ஒவ்வொரு டிகிரிக்கும் சுமாரா 0.3லேர்ந்து 0.4 சதவீதம் கொறையும், மத்தியானம் பேனல் 60 டிகிரிய தொட்டா பத்து சதவீதத்துக்கு மேல காலி. அதனால தளத்தோட ஒட்டி படுக்க வைக்காதீங்க, அடியில காத்து போகணும்.

(ஆரோவில் சோலார் கிச்சன் மாடியில இருக்கற பெரிய கிண்ணத்த பாத்துட்டு அதுவும் இதுவும் ஒண்ணுன்னு நெனைக்கறவங்க உண்டு. அது வெயில ஒரு எடத்துல குவிச்சு சமையலுக்கு நீராவி எடுக்கறது, சூடுதான் அங்க சரக்கு.)

அடுத்தது நெழல். எங்க சித்தப்பா வீட்ல தண்ணி டேங்க் நெழல் ஒரு ஓரத்துல விழும், ஓரம்தானேன்னு விட்டுட்டாரு. ஆனா செல்லெல்லாம் மாலை மாதிரி வரிசையா கோத்திருக்கு, ஒண்ணு மறைஞ்சாலும் அந்த வரிசையே திணறும், பைபாஸ் டயோடுன்னு கரண்டுக்கு மாத்து வழி விடற பாகம் அந்த பகுதிய ஒதுக்கி விட்டாலும் பெரும்பாலான பேனல்ல மூணுல ஒரு பங்கு போயிடும். ஒரு தென்ன மட்ட நெழல் போதும்.

தெக்கு பாத்து 12 டிகிரி சுமாரா சாய்ச்சா நம்ம ஊருக்கு சரி. சும்மா தூக்கி நிறுத்தினா காத்து புடிக்கும், 2011ல தானே புயல பாத்தவங்களுக்கு நான் சொல்ல வேணாம்.

கடலோரத்துல உப்பு படியும்னு கழுவறாங்க, நல்லதுதான், ஆனா உப்பு போர் தண்ணியில கழுவினா கண்ணாடி மேல வெள்ளையா இன்னொரு படலம். நல்ல தண்ணி, காலையில, கண்ணாடி சூடாகறதுக்கு முன்னாடி.

அப்புறம், பேட்டரி இல்லாம ஈபி லைன்ல சேத்த சோலார், ஈபி கரண்ட் கட்டானா பட்டப்பகல்லயும் நின்னுடும், கம்பத்துல வேலை பாக்கறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு இன்வெர்ட்டரே நிறுத்திக்கும். இத சொன்னப்ப சித்தப்பா "அப்ப எதுக்குடா இவ்ளோ செலவு பண்ணேன்"னாரு, பேட்டரிக்கு தனி காசுன்னேன், ஒரு வாரம் பேசவே இல்ல.