ஹீட்டர் கோரை வீட்டிலேயே மாற்றினேன்

என் காரில் ஹீட்டர் கோர் ஒழுகியது. இன்ஜின் சூட்டைச் சுமந்துவரும் கூலன்ட் திரவம் இதற்குள் ஓடித்தான் காருக்குள் வெதுவெதுப்பான காற்று வரும்; ஒரு குட்டி ரேடியேட்டர்.

"திருநெல்வேலி வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு அண்ணாச்சி? கோருக்குப் போய்வர ரெண்டு ஹோஸையும் சேத்து விட்டுருவோம்" என்றார் மெக்கானிக். ஒழுகல் நிற்கும்தான். ஆனால் மழைக்காலத்தில் மாஞ்சோலை மலை ஏறிப் பார்த்தவனுக்குத் தெரியும், ஹீட்டரின் அருமை.

முன்சீட்டில் இடப்பக்கம் கால் வைக்கும் இடம் நனைந்திருந்தது. ஏசியிலிருந்து சொட்டுவது வெறும் தண்ணீர். இதுவோ விரலில் பிசுபிசுத்தது, பச்சை நிறம், ஒருமாதிரி இனிப்பு வாடை. கூலன்ட்டேதான்.

என் பழைய வண்டியில் க்ளவ் பாக்ஸைக் கழற்றினாலே கோரை உருவிவிடலாம். பல வண்டிகளில் டாஷ்போர்டு முழுக்க இறங்க வேண்டும். அதற்கு நான் துணியமாட்டேன். இன்ஜின் நன்றாக ஆறியபின் கூலன்ட்டை வடித்து, மூடி வைத்தேன். நாய் நக்கினால் செத்துப்போகும். கோர் பைப்பில் ஒட்டிக்கிடந்த ஹோஸை இழுத்து மல்லுக்கட்டவில்லை. பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தேன். பிறகு புது கோர், புது ஹோஸ், புது கிளாம்ப்.

உண்மையான வேலை கூலன்ட் ஓடும் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதுதான். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி ஊற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் விட்டு, ஐடிலில் ஓடவிட்டேன். குமிழ் வரவர மட்டம் இறங்கும். ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குமிழ் நின்றதும் மூடினேன். மறுநாள் காலை, இன்ஜின் சூடாகுமுன் மட்டம் பார்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.