காணாமற்போன விமானம் பற்றிய ஊகத்தைப் பகிருமுன் எடைபோடும் முறை

1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் 55 பேருடன் மன்னார்க் கடற்பக்கம் மறைந்தது. அதன் சிதைவுகள் இரணைதீவுக்கு அண்மையில் 2012இல்தான் கண்டறியப்பட்டன. அந்தப் பதினான்கு ஆண்டுகளையும் கேள்விப்பட்ட கதைகளோடு கழித்த வீடுகள் யாழ்ப்பாணத்தில் உண்டு. ஆகவே, காணாமற்போன மலேசிய விமானமான எம்.எச். 370 பற்றிப் புதிய கதையொன்று வட்ஸ்அப்பில் வந்தால், அத்தகைய வீட்டில் ஒருவர் அதைப் படிப்பதாக எண்ணிக்கொண்டே எடைபோடுங்கள்.

முதலில், சொல்லப்படுவது அளவீடா அனுமானமா என்று பாருங்கள். 2014 மார்ச் 8ஆம் திகதி 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து பீஜிங் நோக்கிப் புறப்பட்ட அவ்விமானம் ராடாரிலிருந்து மறைந்த பின்னரும் செய்மதியுடன் சமிக்ஞை பரிமாறிக்கொண்டிருந்தது. அச்சமிக்ஞை போய்வர எடுத்த நேரத்திலிருந்து செய்மதிக்கும் விமானத்துக்கும் இடையிலான தூரம் தெரிந்ததேயன்றித் திசை தெரியவில்லை. கட்டையில் கட்டிய ஆடு கயிற்றை இழுத்துப் பிடித்து நின்றால், அது வட்டத்தின் விளிம்பில் நிற்கிறது என்று சொல்லலாம். கிணற்றடிப் பக்கமா வேலிப் பக்கமா என்று கயிற்றின் நீளத்தால் சொல்ல முடியாது. சமிக்ஞையின் அதிர்வெண் மாற்றம் தெற்குப் பக்கத்தைக் காட்டியதால், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் நீண்டதொரு வளைவு கிடைத்தது. எனவே, வரைபடத்தில் ஒரே புள்ளியைக் குறித்து "இங்கேதான்" என்பவரிடம், அந்த வளைவிலிருந்து இந்தப் புள்ளிக்கு எப்படி வந்தீர்கள் என்று கேளுங்கள்.

அடுத்து, கரையொதுங்கிய பாகங்களோடு கதை பொருந்துகிறதா என்று பாருங்கள். 2015 யூலையில் ரீயூனியன் தீவில் ஒதுங்கிய இறக்கைப் பாகம் இவ்விமானத்தினதே என உறுதியானது. குருநகரில் வலை மிதவை அறுந்துபோனால், அது நீருக்கு மேல் எவ்வளவு தெரியும் என்பதை வைத்தே காற்றோடு போயிருக்குமா நீரோட்டத்தோடு போயிருக்குமா என்று கணிப்பார்கள். விமானப் பாகத்துக்கும் அதே கணக்குத்தான். ஆனால் பதினாறு மாதக் காற்றையும் நீரோட்டத்தையும் பின்னோக்கிக் கணிக்கும்போது பிழையும் கூடவே வளரும். அதனால் அது ஒரு பரப்பைக் காட்டுமேயன்றி ஓரிடத்தைக் காட்டாது. விமானம் எங்கோ பத்திரமாக இறக்கப்பட்டது என்ற கதையோ இந்தப் பாகத்துக்கு விடை சொல்வதேயில்லை.

"இவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை, ஆகவே மறைக்கிறார்கள்" என்ற வாதத்தை ஏற்குமுன் அளவைப் பாருங்கள். 2017 ஜனவரியில் நிறுத்தப்பட்ட தேடல் சுமார் 1,20,000 சதுர கிலோமீற்றர் கடலடியை உள்ளடக்கியது. இலங்கை முழுவதும் 65,610 சதுர கிலோமீற்றர்தான். கறுப்புப் பெட்டியின் ஒலிக்கருவியோ ஏறக்குறைய 30 நாட்களுக்கே ஒலிக்கும்படி அமைக்கப்பட்டது. 2009இல் அத்திலாந்திக்கில் வீழ்ந்த எயார் பிரான்ஸ் விமானத்தின் பதிவுக்கருவிகள், வீழ்ந்த பகுதி ஓரளவு தெரிந்திருந்தும், ஏறத்தாழ 3,900 மீற்றர் ஆழத்திலிருந்து 2011இல்தான் மீட்கப்பட்டன.

செய்மதிப் படத்தில் வெள்ளையாகத் தெரிவதை, கப்பலொன்று சென்று எடுத்துப் பார்க்கும்வரை, சிதைவு என்று எழுத வேண்டாம்.

விமானியைக் குற்றவாளியாக்கும் பதிவை அறவே பகிராதீர்கள். காணாமற்போனமைக்கான காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்றே 2018 யூலையில் வெளியான மலேசிய விசாரணை அறிக்கை கூறியது. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. தவறான செய்தியொன்றை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், பேசாமல் அழித்துவிடாமல், எது தவறு என்பதை அதே குழுவில் எழுதுங்கள். முதற் செய்தியை வேறிடங்களுக்கு அனுப்பியவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.