கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் குடிலும்: வீட்டில் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்ததும் நாகர்கோவில், தூத்துக்குடி, பாளையங்கோட்டை போன்ற ஊர்களின் கடைத்தெருக்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடும். விலை கொடுத்து வாங்கினால் சில நிமிடங்களில் வாசலில் மாட்டிவிடலாம். அப்படியிருந்தும் மூங்கில் சீவிப் பசை காய்ச்சி, பாட்டி முதல் பேரன் வரை ஒன்றாக உட்கார்ந்து நட்சத்திரமும், இயேசு பிறந்த மாட்டுத்தொழுவத்தைக் காட்டும் குடிலும் செய்யும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வேலையைக் கெடுக்கும் தவறுகள் பலவாகத் தோன்றினாலும், பெரும்பாலானவை காலம் தாழ்த்தித் தொடங்குவதிலிருந்தே பிறக்கின்றன. டிசம்பர் 23ஆம் தேதி இரவில் உட்கார்ந்தால் பசை காய நேரம் இருக்காது, குடிலில் வைக்கும் புல் முளைக்காது, மின்கம்பிகள் அவசரத்தில் முறுக்கப்படும், குழந்தைகள் ‘தொடாதே, கெடுத்துவிடுவாய்’ என்று ஓரமாக உட்கார வைக்கப்படுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய காத்திருப்புக் காலமான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வருகிறது. அன்றே மூங்கிலை எடுத்துவிட்டால் மூன்று முதல் நான்கு வாரங்கள் கையில் இருக்கும்.

நட்சத்திரத்தில் நேரும் முதல் தவறு அளவில் நேர்வது. ஐந்து குச்சிகளைக் கண்மட்டமாகக் கட்டிவிட்டுப் பிறகு இழுத்துச் சரிசெய்யலாம் என்று நினைப்பவர்கள், ஒரு முனை நீண்டும் மற்றொன்று குறுகியும் நிற்கும் உருவத்தோடு போராட வேண்டியிருக்கும். 60 சென்டிமீட்டர் நீளமுள்ள குச்சி என்றால், ஒவ்வொரு முனையிலிருந்தும் 23 சென்டிமீட்டரில் ஓர் அடையாளம் இட வேண்டும். நடுவில் 14 சென்டிமீட்டர் மிஞ்சும். குச்சிகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் அந்த அடையாளங்களில்தான் விழும். வேறு அளவில் செய்வதானாலும் இதே விகிதத்தைக் கடைப்பிடித்தால் போதும். இத்தகைய இரண்டு நட்சத்திரங்களைச் செய்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் கட்டியபின், உள்ளே உள்ள ஐந்து வெட்டுமிடங்களிலும் ஒரே நீளமான சிறு குச்சிகளைக் குறுக்கே நிறுத்தினால் நட்சத்திரம் உப்பி எழும். இந்தக் குறுக்குக் குச்சியைச் சிறிதாக வெட்டுவதுதான் பலரும் கவனிக்காத பிழை. உள்ளே தொங்கும் பல்பு காகிதத்தைத் தொடாமல் இருப்பதற்கு அந்த இடைவெளியே காப்பு. 60 சென்டிமீட்டர் நட்சத்திரத்துக்கு 12 சென்டிமீட்டராவது வேண்டும். பச்சை மூங்கிலைச் சீவிய அன்றே கட்டுவதும் தவறு. அது காயும்போது சுருங்குவதால் கட்டுகள் தளர்ந்துவிடும் என்பதால், சீவிய குச்சிகளைச் சில நாள் நிழலில் காயவிட வேண்டும்.

பசைக்கு மைதா போதும். ஆனால் கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். ஒரு பங்கு மாவை நான்கைந்து பங்கு குளிர்ந்த நீரில் கரைத்த பின்னரே அடுப்பில் ஏற்றிக் கிளற வேண்டும். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கும் பழக்கம் உண்டு. அது நச்சுப்பொருள். விரலை வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகள் ஒட்டும் பசையில் அதற்கு இடமே கிடையாது. கலக்காத பசை விரைவில் புளித்துப்போகும் என்பது உண்மைதான், ஆகவே அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சிக்கொள்ளலாம். பட்டம் விடும் மெல்லிய தாளை ஒட்டும்போது விறைப்பாக இழுத்து ஒட்டக் கூடாது. ஈரத்தில் விரிந்த தாள் காயும்போது சுருங்கி, இழுத்த இடத்தில் கிழியும். பின்பக்கம் ஒரு முக்கோணத்தை மட்டும் முழுதாக ஒட்டாமல் திறந்து மூடும்படி விட்டுவைக்க மறந்தால், பல்பை மாற்றுவதற்காக நட்சத்திரத்தையே கிழிக்க நேரிடும்.

மின்சாரத்தில் மட்டும் சமரசம் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். காகித நட்சத்திரத்துக்குள் பழைய 40 வாட், 60 வாட் குண்டு பல்பை மாட்டுவது தீயை அழைத்து உள்ளே வைப்பதற்குச் சமம். 5 வாட் எல்இடி பல்பு தேவையான ஒளியைத் தந்துவிடும், சூடும் மிகக் குறைவு. நட்சத்திரத்தின் எடையை மின்கம்பி தாங்கும்படி தொங்கவிடுவதும் பரவலான தவறு. எடையைக் கயிறு தாங்க வேண்டும், கம்பி தளர்வாகத் தொங்க வேண்டும். கயிற்றையும் ஒரே இடத்தில் கட்டினால் காற்றில் நட்சத்திரம் சுழன்று கம்பியை முறுக்கிவிடும் என்பதால் இரண்டு இடங்களில் கட்டுவது நல்லது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் நீடிப்பதால், மொட்டை மாடியிலோ மரக்கிளையிலோ மாட்டுவதைவிட சன்ஷேடுக்குக் கீழே மாட்டுவதே பாதுகாப்பானது. சீரியல் விளக்குச் சரத்தில் அணைந்த சிறு பல்பை அகற்றிவிட்டு இரு முனைகளையும் முறுக்கிச் சேர்ப்பவர்கள், மீதியுள்ள பல்புகள் ஒவ்வொன்றின்மீதும் மின்னழுத்தம் கூடுகிறது என்பதை உணர்வதில்லை; இப்படி இரண்டு மூன்று முறை செய்யப்பட்ட சரத்தைத் தூக்கி எறிவதே சரி. வீட்டு மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இருக்கிறதா என்பதையும் விளக்கு போடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

குடிலின் அழகு பெரிதும் அதன் புல்லில் இருக்கிறது. கம்பு, கேழ்வரகு, கோதுமை, கடுகு இவற்றில் எதையும் முளைக்க வைக்கலாம். ஆனால் தோல் நீக்கிய வரகரிசி, சாமையரிசி போன்றவை முளைக்கா. விதைக்கடையில் விற்கும் நிறமேற்றிய விதைகளில் பூஞ்சைக்கொல்லி மருந்து பூசப்பட்டிருக்கும், அவற்றைக் குழந்தைகளின் கையில் கொடுக்கவே கூடாது. தானியத்தை ஓர் இரவு ஊறவைத்து, ஒரு நாள் ஈரத்துணியில் முடிந்துவைத்து, முளை எட்டிப் பார்த்ததும் தட்டில் பரப்பிய மெல்லிய மண்ணில் தூவினால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் விரல் உயரத்துக்கு வந்துவிடும். ஆர்வத்தில் டிசம்பர் முதல் வாரமே விதைத்துவிட்டால் பண்டிகையன்று புல் மஞ்சளாகிச் சாய்ந்து கிடக்கும். 15, 16ஆம் தேதி பொருத்தமானது. தட்டைத் தொடக்கத்திலேயே குடிலுக்குள் இருட்டில் வைத்தால் வெளிறிப்போகும், எனவே ஜன்னல் வெளிச்சத்தில் வளர்த்து 23ஆம் தேதி உள்ளே வைக்க வேண்டும். அந்த ஈரத்தட்டின் மேலோ அருகிலோ சீரியல் விளக்கின் இணைப்பு கிடக்கக் கூடாது. வைக்கோல் கூரை, பனிக்காகத் தூவிய பஞ்சு, நாளுக்கு நாள் காய்ந்துவரும் சவுக்குக் கிளை ஆகிய மூன்றும் எளிதில் தீப்பற்றுபவை; குடிலுக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்ற விரும்பும் வீடுகள், கை நீட்டினாலும் எட்டாத தொலைவில் தனி மேடையில் அதை ஏற்றட்டும், ஆள் இல்லாத நேரத்தில் அணைத்துவிடட்டும்.

குடும்பத்தோடு செய்வது என்று சொல்லிவிட்டு, பெரியவர்கள் எல்லாவற்றையும் செய்து குழந்தைகளிடம் கத்தரிக்கோல் எடுத்துத் தரும் வேலையை மட்டும் விடுவது இவை எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தரும் தவறு. மூங்கில் சீவுவது, சூடான பசைத் துப்பாக்கியைப் பிடிப்பது, மின்னிணைப்பு ஆகியவை பெரியவர்களுக்கு உரியவை. நட்சத்திரத்தின் வால்களைக் கத்தரிப்பது, பசை தடவுவது, சாக்குத்துணியைக் களிமண் கரைசலில் முக்கி மலையாக நிறுத்துவது, புல்லுக்குத் தண்ணீர் தெளிப்பது ஆகியவற்றைத் தயங்காமல் சிறுவர்களிடம் விட்டுவிடலாம். தென்னை ஈர்க்கில் சிறு நட்சத்திரங்களை அவர்களே தொடக்கம் முதல் முடிவு வரை செய்யட்டும். ஜிகினாத் தூளை மட்டும் சின்னக் குழந்தைகளின் கையில் தராமல் இருப்பது கண்ணுக்கு நல்லது. குழந்தை கோணலாக ஒட்டியதை அது தூங்கியபின் பிய்த்துச் சரிசெய்யும் பெற்றோர் உண்டு. காலையில் அதைப் பார்க்கும் குழந்தை அடுத்த ஆண்டு பசையைத் தொட முன்வராது. அதேபோல, குழந்தை இயேசுவின் சுரூபத்தை, அதாவது சிறு சிலையை, முதல் நாளே தொழுவத்தில் வைத்துவிடாமல் 24ஆம் தேதி இரவுக்கென எடுத்துவைத்து, அதை வைக்கும் பொறுப்பை வீட்டின் கடைக்குட்டிக்குக் கொடுத்தால், நான்கு வாரக் காத்திருப்புக்கு அந்தப் பிள்ளையின் கணக்கிலும் ஒரு பொருள் கிடைக்கும். குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானிகளின் சுரூபங்களைத் தொலைவில் நிறுத்தி, அவர்கள் வருகையைக் கொண்டாடும் ஜனவரி 6 வரை சிறிது சிறிதாக நகர்த்திவரும் வழக்கத்தையும் சிறுவர்கள் விரும்பிச் செய்வார்கள்.

பண்டிகை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் திணிப்பது கடைசித் தவறு. மைதா ஒட்டிய தாளை அப்படியே பரணில் ஏற்றினால் கரப்பானும் எலியும் தேடி வரும் என்பதால், தாளை உரித்து, மூங்கில் சட்டத்தை மட்டும் வெயிலில் காயவைத்துக் கட்டிவைக்க வேண்டும். சுரூபங்களைச் செய்தித்தாளில் சுற்றினால் மை வண்ணத்தில் ஒட்டக்கூடும். பழைய வேட்டித் துணி நல்லது. விளக்குச் சரத்தை ஓர் அட்டையில் சுற்றி, வேலை செய்கிறதா இல்லையா என்பதை அதிலேயே எழுதிவைத்தால் அடுத்த நவம்பரில் ஒரு மாலை வேளை மிச்சமாகும்.