பழைய கிறிஸ்மஸ் பொம்மைய பரிசா குடுக்கப் போறீங்களா? மொதல்ல பேட்டரி மூடியத் தொறந்து பாருங்க

அமெரிக்கால அந்தக் காலத்துல கிறிஸ்மஸ் வந்தாலே ஏதாவது ஒரு பொம்மைக்கு ஜனங்க அடிச்சுப்பாங்க. 1978ல சைமன் (லைட் எரியற வரிசைய ஞாபகம் வெச்சு பட்டன் அமுக்கற விளையாட்டு), 1983ல கேபேஜ் பேட்ச் கிட்ஸ்ங்கற குண்டுக் கன்னப் பொம்மை (இதுக்கு கடைக்குள்ளயே தள்ளுமுள்ளு நடந்துச்சு), 1996ல அமுக்கினா சிரிக்கற டிக்கிள் மீ எல்மோ, 1998ல பேசற குட்டிப் பொம்மை ஃபர்பி. அப்போ ஆசைப்பட்டு கிடைக்காமப் போன பசங்க எல்லாம் இப்போ வளந்து பெரியவங்க ஆயிட்டாங்க, அவங்களுக்கு அதே பொம்மைய வேலை செய்யற நிலைமைல கையில குடுத்தா அதுக்கு மேல ஒரு பரிசே கிடையாதுன்னு நான் உறுதியா சொல்வேன். ஆனா "வேலை செய்யல"ன்னு போட்டு வர்ற பழைய எலக்ட்ரானிக் பொம்மைங்கள்ல நெறைய பேட்டரி லீக் ஆனதுதான், அதனால மெஷின கழட்டறதுக்கு முன்னாடி பேட்டரி வெக்கற எடத்தப் பாருங்க.

மூடியத் தொறந்ததும் ஸ்பிரிங் மேல உப்பு பூத்த மாதிரி வெள்ளையா படிஞ்சிருந்தா அது ஆல்கலைன் செல் லீக் ஆனது. உள்ள இருந்து வர்றது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அது காரம், அதனால அத முறிக்க புளிப்பு வேணும், வெள்ளை வினிகரோ எலுமிச்சம் சாறோ போதும். கைக்கு கிளவுஸ் போட்டுக்கோங்க, கண்ணுக்கும் கண்ணாடி போட்டுக்கோங்க, மொதல்ல காஞ்ச பிரஷ்ஷால தூள வெளிய தள்ளிட்டு அப்புறம் காது பட்ஸ வினிகர்ல லேசா நனைச்சு தொட்டு வைங்க, நொரை வரும், நொரை நிக்கற வரைக்கும் பட்ஸ மாத்தி மாத்தி தேய்ங்க. வினிகர உள்ள ஊத்திடாதீங்க, அது போர்டுக்கு எறங்கினா வேற தலைவலி. அப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு தொடச்சு நல்லா காய விட்டுடுங்க. இன்னும் பழைய கார்பன் செல்லா இருந்தா கதை தலைகீழ், அதோட கசிவு அமிலம், அதுக்கு சமையல் சோடாவ தண்ணில கொழச்சு தடவணும். காஞ்சப்புறமும் உலோகம் கறுப்பாவே இருந்தா நைஸ் உப்புத்தாளால பளபளன்னு ஆகற வரைக்கும் லேசா தேய்ங்க, ஸ்பிரிங் தொட்டாலே ஒடியற அளவுக்கு அரிச்சிருந்தா மட்டும் புதுசு மாத்தணும்.

செல் போடும்போதும் கவனம். பழைய ஒரிஜினல் சைமனுக்கு ரெண்டு பெரிய டி செல்லும் கூட ஒரு 9 வோல்ட் பேட்டரியும் வேணும், டி செல்ல மட்டும் போட்டுட்டு செத்துப் போச்சுன்னு தூக்கிப் போட்டுடக் கூடாது. 98 ஃபர்பிக்கு நாலு ஏஏ, அதுக்கு ஆஃப் சுவிட்சே கெடையாது, புது செல் போட்டும் அசையலன்னா அடிப்பக்கம் ரீசெட் பட்டன் இருக்கும், பேப்பர் கிளிப் நுனியால அமுக்கிப் பாருங்க.

பேட்டரி இல்லாத பொம்மைங்க சுலபம்தான். ரூபிக்ஸ் க்யூப் எவ்வளவு சரியா பண்ணியும் கடைசில ஒரே ஒரு மூலை மட்டும் திரும்பி நின்னா உங்க மேல தப்பில்ல, யாரோ அந்த மூலைய பலமா திருகியிருக்காங்க, அத அப்படியே திருகி சரி பண்ணிடுங்க, வேற வழியில அது சேரவே சேராது. வியூ மாஸ்டர்னா கண்ணுல வெச்சு படம் பாக்கற பெட்டி, அதோட வட்டமான ரீல்ல 14 குட்டி ஃபிலிம், ரெண்டு ரெண்டா சேந்து 7 காட்சி, வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, மொத்தமும் செவந்து தெரிஞ்சா கலர் போயிருச்சு, அத விட்டுட்டு வேற ரீல் தேடுங்க. லெகோ மட்டும் ஒரு அதிசயம், 1958 டிசைன்ல வந்த கட்டை இன்னிக்கு வாங்கற கட்டையோட பொருந்தும், அதனால குறையற பீஸுக்கு தைரியமா புதுச சேத்துக்கலாம்.

பார்பி வாங்கறவங்க இத கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். முதுகுல 1966னு இருந்தா அது 66ல செஞ்ச பொம்மைன்னு அர்த்தம் இல்ல, அது அந்த உடம்பு டிசைனோட காப்பிரைட் வருஷம், 90கள்ல வந்ததுலயும் அதே எண் இருக்கும், அத நம்பி அதிக வெலை குடுத்துடாதீங்க. காது பக்கம் பச்சையா இருந்தா பழைய தோட்டோட உலோகம் பட்டு வந்த கறை. கை கால் பிசுபிசுன்னு இருந்தா வினைல்ல அத மெத்துனு வெக்கறதுக்காக கலந்த பிளாஸ்டிசைசர்ங்கற ரசாயனம் வெளிய வருதுன்னு அர்த்தம், சோப்புத் தண்ணில மெதுவா கழுவுங்க, நாளாக ஆக திரும்பவும் வரும், மத்த பிளாஸ்டிக் மேல ஒட்டாம தனியா வைங்க.

கேம் பாய்ங்கற கையடக்க வீடியோ கேம் மாதிரி சாம்பல் கலர் பிளாஸ்டிக் மஞ்சளா மாறியிருந்தா ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயில்ல வெச்சு வெளுக்கறாங்க. திட்டுத் திட்டா ஆகலாம், மஞ்சள் திரும்பவும் வரலாம், அதனால பரிசுக்கு வேண்டாம்னுதான் நான் சொல்வேன், அந்த மஞ்சள் அழகாவும் இருக்கு.

யாருக்கு குடுக்கறோம்ங்கறது ரொம்ப முக்கியம். அமெரிக்கால பெயின்ட்ல ஈயத்துக்கு கடுமையான கட்டுப்பாடு வந்ததே 1978லதான், அதுக்கு முந்தின பெயின்ட் அடிச்ச பொம்மைங்க பெரியவங்க ஷெல்ஃபுக்கு மட்டும், எதையும் வாயில வெக்கற கொழந்தைக்கு வேண்டவே வேண்டாம். டமகோச்சி (குட்டி ஸ்க்ரீன்ல செல்லப்பிராணி வளக்கற பொம்மை) மாதிரி பட்டன் செல் போடறதுல மூடி ஸ்க்ரூ கெட்டியா இருக்கான்னு ரெண்டு தடவை பாருங்க, குழந்தை அத முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாய் வெந்துடலாம்.

பேக் பண்ணும்போது செல்ல உள்ள விடாதீங்க, புது செல்ல தனி கவர்ல போட்டு பக்கத்துல வைங்க, கூடவே ஒரு அட்டைல எந்த செல், எத்தனை, ரீசெட் எங்கன்னு எழுதிடுங்க. ஃபர்பிய செல்லோட கட்டினீங்கன்னா யாராவது பெட்டிய ஆட்டினதும் உள்ள இருந்தே பேச ஆரம்பிச்சுடும், சர்ப்ரைஸ் அங்கயே காலி.