வடசென்னை மொட்டைமாடியில் மழையின் அமிலத்தை அளப்பது எப்படி

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் அமில மழை பெய்கிறதா என்று பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரு லிட்மஸ் தாளை மழைத்தண்ணீரில் நனைக்கிறார்கள். நிறம் மாறவில்லையென்றால் விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் மழையோடு அமிலமும் இறங்குகிறது, அதை முறிக்கிற சுண்ணாம்புத் தூசும் அம்மோனியாவும் இறங்குகின்றன. பிஹெச் (7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம் என்று சொல்லும் எண்) காட்டுவது இரண்டும் கழித்துக்கொண்டது போக மிஞ்சியதை மட்டும்தான். வானத்திலிருந்து எவ்வளவு கந்தகமும் நைட்ரஜனும் வந்தன என்பது தனிக் கணக்கு. பிஹெச்சையும் அந்தத் தனிக் கணக்கையும் பிடிக்கும் முறை கீழே.

முதலில், எது எங்கிருந்து வருகிறது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, சுமார் 0.5 சதவீதம். அப்படியிருந்தும் ஒரு டன் எரிந்தால் அதிலுள்ள 5 கிலோ கந்தகம் ஏறக்குறைய 10 கிலோ கந்தக டை ஆக்சைடாக வெளியேறும். கொஞ்சம் சாம்பலில் தங்கும். வல்லூரிலும் அத்திப்பட்டிலும் உள்ள அனல்மின் நிலையங்கள் எரிக்கும் அளவோடு பெருக்கிப் பாருங்கள். லாரி டீசலில் 2020 ஏப்ரலிலிருந்து கந்தகத்தின் உச்சவரம்பு பத்து லட்சத்தில் 10 பங்கு. கப்பல் எண்ணெய்க்கு உலக வரம்பு 0.5 சதவீதம், அதாவது லாரி டீசலைப்போல 500 மடங்கு. நைட்ரஜன் ஆக்சைடு கதை வேறு. எரிபொருளில் நைட்ரஜன் இருக்கவே வேண்டாம். எஞ்சினுக்குள் சூடு ஏறினால் காற்றிலிருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனுமே சேர்ந்துவிடும். துறைமுகச் சாலையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் எவ்வளவு சுத்தமானாலும் இது நிற்காது.

நைட்ரஜன் டை ஆக்சைடு பகலில் சில மணி நேரத்திலேயே நைட்ரிக் அமிலமாகிவிடும். கந்தக டை ஆக்சைடுக்கு வெறுங்காற்றில் நாள்கணக்கில் ஆகும், அதற்குள் காற்றோடு வெகுதூரம் போய்விடும்; மேகத்துளிக்குள் புகுந்துவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு அதை வெகு சீக்கிரம் கந்தக அமிலமாக்கிவிடும். எனவே உங்கள் மாடியில் பிடித்த சல்ஃபேட் (மழைநீரில் கந்தக அமிலம் இருக்கும் வடிவம்) முழுவதும் எதிரே தெரியும் புகைபோக்கியினுடையது என்று எழுதிவிட வேண்டாம்.

தேவையானவை: 20 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் புனல், ஒரு லிட்டர் பாலித்தீன் பாட்டில், பேனா வடிவ பிஹெச் மீட்டர், டிடிஎஸ் மீட்டர் (நீரில் கரைந்த உப்பை அளப்பது), மீட்டரைச் சரிபார்க்க 4.00 மற்றும் 6.86 பஃபர் பொடிகள் (கரைத்தால் அந்தந்த பிஹெச்சில் நிற்பவை). பாரிமுனையில் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். இரும்பு, பித்தளைப் பாத்திரம் கூடாது. கண்ணாடி பாட்டிலும் வேண்டாம், அதிலிருந்து சோடியம் கசியும். கழுவுவதற்குக் காய்ச்சி வடித்த நீர் வேண்டும். வாட்டர் கேன் தண்ணீர் அதற்கு ஈடாகாது, அதில் உப்பு இருக்கிறது. பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீர் பரவாயில்லை, ஆனால் ஒவ்வொரு பாட்டிலையும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்து 2-க்குக் கீழே இருந்தால் மட்டும் எடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். மூன்று முறை அலசிக் கவிழ்த்து வைத்தால் போதும்.

புனலைத் தரையிலிருந்து குறைந்தது 1.2 மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். மாடித் தளத்தின் சிமென்ட் காரத்தன்மை உடையது. தெறித்து விழும் சில துளிகளே பிஹெச்சை ஒன்றிரண்டு அலகு ஏற்றிவிடும். தண்ணீர்த் தொட்டி, மரக்கிளை, கேபிள் ஒயர் எதுவும் தலைக்கு மேல் இருக்கக் கூடாது. காக்கை வந்து உட்காரும் இடமும் ஆகாது. எச்சம் பட்ட மாதிரியில் அம்மோனியம் எகிறிவிடும், அதை எந்தக் கணக்காலும் சரிசெய்ய முடியாது. கொட்டிவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருங்கள்.

புனலை நாள் முழுக்கத் திறந்து வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மழை இல்லாத நேரத்தில் அதில் படியும் சாம்பலும் சாலைத் தூசும் மழைக்கணக்கில் சேர்ந்துவிடும். மூடியே வைத்திருந்து, தூறல் தொடங்கியதும் திறந்து, நின்றதும் எடுத்துவிடுங்கள். ஒரு மழையை இரண்டு பாட்டிலில் பிடிப்பது இன்னும் நல்லது: முதல் 2 மில்லிமீட்டர் தனி, மற்றது தனி. இந்தப் புனலில் 1 மில்லிமீட்டர் மழை 31 மி.லி. தரும் என்பதால் முதல் 60 மி.லி. சேர்ந்ததும் பாட்டிலை மாற்றுங்கள். காற்றைக் கழுவிக்கொண்டு இறங்கும் அந்த முதல் தண்ணீர் பெரும்பாலும் அழுக்காகவும் காரமாகவும் இருக்கும். பிஹெச் அதில் 7-ஐத் தொட்டாலும் ஆச்சரியமில்லை. பரிசோதனைக்கூடத்துக்கு 250 மி.லி. வேண்டுமென்றால் இரண்டாம் பாட்டிலுக்கு 8 மில்லிமீட்டராவது பெய்ய வேண்டும்.

பிஹெச்சை அன்றே அளந்துவிடுங்கள். வைத்திருந்தால் நுண்ணுயிர்கள் ஃபார்மிக், அசிட்டிக் அமிலங்களைத் தின்றுவிட எண் தானாக ஏறும். மீட்டரை முதலில் 6.86-இலும் பிறகு 4.00-இலும் சரிபார்த்து, மின்முனையை (நீரில் நனையும் மீட்டரின் நுனி) நன்றாக அலசி, மழைநீரில் வைத்து ஆட்டாமல் 5 நிமிடம் விடுங்கள். மழைநீரில் அயனிகள் (மின்னூட்டமுள்ள கரைந்த துகள்கள்) மிகக் குறைவு, அதனால் எண் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். பொறுமை இல்லாதவர்கள் முதல் அரை நிமிடத்து எண்ணைக் குறித்துக்கொண்டு ஏமாறுவது இங்கேதான். நிறத்தாள்களும் இதே காரணத்தால் உதவாது, தாளில் இருக்கும் சாயமே தண்ணீரின் பிஹெச்சை நகர்த்திவிடும். வேலை முடிந்ததும் மின்முனையைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டால் கெட்டுவிடும். பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள்.

அந்த எண் நம்பத்தக்கதா என்பதை மின்கடத்துதிறனை வைத்துப் பார்க்கலாம். டிடிஎஸ் எண்ணைக் காட்டும் மீட்டரில் அது பெரும்பாலும் கடத்துதிறனில் பாதி, இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். பிஹெச் 4.0 என்றால் அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி மட்டுமே செ.மீ.க்கு 35 மைக்ரோசீமென்ஸ் தர வேண்டும், கூட வரும் சல்ஃபேட்டையும் சேர்த்தால் சுமார் 43. கடத்துதிறன் மீட்டர் 15 காட்டுகிறது, பிஹெச் மீட்டர் 4.0 காட்டுகிறது என்றால் பிஹெச் மீட்டர்தான் தவறு. எதிர்ப்பக்கம் இந்தச் சோதனை வேலை செய்யாது. கடலோரத்தில் உப்பால் கடத்துதிறன் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறும்.

தூய காற்றில் பெய்யும் மழையே கார்பன் டை ஆக்சைடால் 5.6 அளவில் இருக்கும். 5-க்குக் கீழே வந்தால் கவனியுங்கள். 6.3 வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள், அடுத்த படி அதற்குத்தான்.

மீதி நீரை வடிகட்டி, 4 டிகிரி குளிர்பெட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் அயனிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். சோடியம், கால்சியம், அம்மோனியம், குளோரைடு, நைட்ரேட், சல்ஃபேட் ஆறையும் கேளுங்கள். சல்ஃபேட்டுக்குப் பேரியம் குளோரைடு ஊற்றிக் கலங்கலைப் பார்க்கும் பள்ளிக்கூட முறை மழைநீரில் இருக்கும் சில மில்லிகிராமுக்குப் போதாது, அந்த உப்பு விஷமும்கூட.

முடிவு வந்ததும் கடலின் பங்கைக் கழியுங்கள். கடல்நீரில் சல்ஃபேட், சோடியத்தில் கால் பங்கு. கணக்குக்காக ஒரு மாதிரி: லிட்டருக்குச் சோடியம் 5, சல்ஃபேட் 4, நைட்ரேட் 1.9, கால்சியம் 1.6, அம்மோனியம் 0.5 மில்லிகிராம். கடல் தந்த சல்ஃபேட் 1.25, எஞ்சியது 2.75. அமிலத்தையும் காரத்தையும் ஒப்பிட ஒரே அலகு வேண்டும், அதுதான் மைக்ரோசமானம்: மில்லிகிராமை அந்தந்த அயனிக்குரிய எண்ணால் வகுத்து 1000-ஆல் பெருக்குங்கள். சல்ஃபேட் 2.75-ஐ 48-ஆல் இப்படி வகுத்தால் 57. நைட்ரேட்டை 62-ஆல் வகுத்தால் 31. அமிலப் பக்கம் 88. கால்சியத்தை 20-ஆல் வகுத்தால் 80, அம்மோனியத்தை 18-ஆல் வகுத்தால் 28, காரப் பக்கம் 108. அமிலம் மட்டும் இருந்திருந்தால் பிஹெச் 4.1-க்கு இறங்கியிருக்கும், தூசும் அம்மோனியாவும் அதை மறைத்து 6-க்கு மேல் காட்டுகின்றன. குளோரைடை வைத்துக் கழிக்கும் முறையும் உண்டு. ஆனால் குப்பை எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வரும் என்பதால் கொடுங்கையூர் பக்கத்தில் சோடியமே பாதுகாப்பு.

இதே செறிவில் 100 மில்லிமீட்டர் பெய்தால் ஹெக்டேருக்குக் கிட்டத்தட்ட 0.9 கிலோ கந்தகம் இறங்கியிருக்கும். அம்மோனியம் மழையில் காரத்தைப்போல நடந்துகொண்டாலும், மண்ணுக்குப் போனபின் பாக்டீரியா அதை நைட்ரேட்டாக்கும்போது ஓர் அம்மோனியத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வெளிவரும். ஆகவே செடி, மண் பற்றி எழுதும்போது அதைக் காரப் பக்கம் வைக்காதீர்கள். பால்கனிக் கம்பியின் துருவை ஆதாரமாகக் காட்டவும் வேண்டாம், கடல் உப்பு ஒன்றே அதற்குப் போதும்.

பதிவேட்டில் தேதி, நேரம், மழையளவு, காற்றின் திசை நான்கும் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் கொண்டலும் எண்ணூர்ப் புகையை மணலி, மாதவரம் பக்கம் தள்ளும். ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து வரும் இடிமழையின்போது அதே புகை கடலுக்குப் போய்விடும். அதே நேரத்தில் மணலி அல்லது இராயபுரம் காற்றுக் கண்காணிப்பு நிலையத்தின் அளவையும் பக்கத்தில் குறியுங்கள். கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு இரண்டுக்கும் 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 80 மைக்ரோகிராம். ஒரு மணி நேர எண்ணை அதோடு ஒப்பிட்டு வரம்பு மீறியது என்று எழுதக் கூடாது, 24 மணி நேரச் சராசரியை எடுத்துத்தான் ஒப்பிட வேண்டும்.