ஆங்கில வினையின் வாலைப் பிடிப்பது எப்படி?

வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதுவதுதான் என் முதல் வேலை. ஒருவர் மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதியிருந்தார். 'உங்கள் புகாரைக் கவனமாகப் பார்வையிட்டோம்' என்பதை ஆங்கிலத்தில் சொல்ல நினைத்து, 'வி ஹேவ் கேர்ஃபுல்லி ஓவர்லுக்டு யுவர் கம்ப்ளெயின்ட்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். நான்காம் நாள் பதில் வந்தது. ஒரே வரி: 'தெரியும். அதைத்தான் புகாராக எழுதியிருந்தேன்.'

'லுக் ஓவர்' என்றால் ஒரு முறை பார்வையிடுவது. அதே 'ஓவர்' முன்னால் ஏறி உட்கார்ந்து 'ஓவர்லுக்' ஆகிவிட்டால், கவனிக்காமல் கோட்டைவிடுவது. 'டேக் ஓவர்' பொறுப்பை ஏற்பது; 'ஓவர்டேக்' முந்திச் செல்வது. 'செட் அப்' நிறுவுவது; 'அப்செட்' என்பது அந்தப் பதிலைப் படித்தபோது என் மேலாளர் இருந்த நிலை.

அப், ஆஃப், அவுட், ஆன், டவுன், ஓவர் என்று வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் இந்தச் சின்னச் சொற்களை நான் வால் என்றுதான் சொல்வேன். வினையும் வாலும் சேர்ந்ததற்கு இலக்கணப் புத்தகங்கள் வைத்த பெயர் ஃப்ரேசல் வெர்ப். பிற மொழிக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் பெரிய தொல்லை இதுதான் என்று 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் எழுதியிருக்கிறார். ஆகவே தடுமாறுவதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் தமிழ் பேசுகிறவர்கள் வெறுங்கையோடு இதற்குள் நுழையவில்லை. நம்மிடம் துணைவினை இருக்கிறது. 'எழுதிவிட்டேன்' என்றால் வேலை முடிந்தது. 'எழுதிவைத்தேன்' என்றால் பின்னால் உதவும் என்று எழுதினேன். 'எழுதிக்கொண்டேன்' என்றால் எனக்காக. 'எழுதித் தொலைத்தேன்' என்றால் வேண்டாவெறுப்பாக. இதையெல்லாம் யாரும் நமக்குப் பட்டியல் போட்டுச் சொல்லித் தரவில்லை. 'சாப்பிட்டுவிடு' என்று ஒருவர் சொன்னால், எதை விட வேண்டும் என்று நாம் கேட்பதில்லை. ஆங்கிலக்காரர் காதுக்கு 'அப்' அப்படித்தான் கேட்கிறது. 'ஈட்' என்றால் சாப்பிடு. 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. 'யூஸ் அப்' என்றால் தீர்த்துவிடு. 'டேர் அப்' என்றால் சுக்குநூறாகக் கிழித்துவிடு. இங்கெல்லாம் 'அப்' எதையும் மேலே தூக்குவதில்லை, நம்முடைய 'விடு' செய்கிற வேலையைத்தான் செய்கிறது. 'கிவ் அப்' என்பதற்கும் 'மேலே கொடு' என்று குழம்ப வேண்டாம், விட்டுவிடு, அவ்வளவுதான்.

மற்ற வால்களுக்கும் இப்படி ஒரு குணம் உண்டு. 'ஆன்' வந்தால் பெரும்பாலும் தொடர்ச்சி: 'கோ ஆன்', 'கேரி ஆன்'. 'ஆஃப்' வந்தால் பிரிவு, துண்டிப்பு, விலக்கம்: 'கட் ஆஃப்', 'கால் ஆஃப்', 'புட் ஆஃப்'. கடைசி இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். 'கால் ஆஃப்' ரத்து செய்வது. 'புட் ஆஃப்' தள்ளிவைப்பது. தள்ளிவைத்த கூட்டத்தை 'கால்டு ஆஃப்' என்று அறிவித்தால், புதிய தேதியில் நாற்காலிகள் மட்டும்தான் வரும். 'அவுட்' சில இடங்களில் மறைந்திருந்ததை வெளியே கொண்டுவரும், 'ஃபைன்ட் அவுட்' போல. சில இடங்களில் இருந்ததைத் தீர்த்துவிடும், 'ரன் அவுட்' போல. இந்தச் சாவி எல்லாப் பூட்டையும் திறக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீடு எரிந்து தரைமட்டமானால் 'பர்ன் டவுன்', காகிதம் எரிந்து தீர்ந்தால் 'பர்ன் அப்'. படிவத்தை 'ஃபில் இன்' செய்தாலும் 'ஃபில் அவுட்' செய்தாலும் ஒன்றே. உள்ளேயும் வெளியேயும் எப்படி ஒன்றாக முடியும் என்று வாதாடிப் பார்த்தேன், மொழி அசையவில்லை. 'ஃபில் அப்' என்பதைத் தொட்டிக்கும் வாளிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வாலை எங்கே வைப்பது என்ற கேள்வி. நான் திருத்துகிற கடிதங்களில் சிவப்பு மை அதிகம் செலவாகும் இடம் இதுதான். 'டர்ன் ஆஃப் தி லைட்' சரி. 'டர்ன் தி லைட் ஆஃப்' அதுவும் சரி. ஆனால் விளக்குக்குப் பதில் 'அதை' என்று சொல்ல வந்தால் 'டர்ன் இட் ஆஃப்' மட்டுமே சரி. 'டர்ன் ஆஃப் இட்' என்று ஆங்கிலத்தில் சொல்லவே முடியாது. இட், தெம், ஹிம், ஹெர் போன்ற சிறு பெயர்கள் வினைக்கும் வாலுக்கும் நடுவில்தான் உட்காரும். 'பிக் தெம் அப்', 'ரைட் இட் டவுன்', 'கால் ஹெர் பேக்'.

இதைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் 'லுக் ஹெர் ஆஃப்டர்' என்று எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன். அது தவறு, 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்பதே சரி. எது பிரியும், எது பிரியாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அட், ஃபார், ஆஃப்டர், இன்டு, வித் ஆகியவை பிரிந்து பின்னால் போகாத ரகம். அப், அவுட், டவுன், அவே, பேக் ஆகியவை, செயப்படுபொருள் இருந்தால், பெரும்பாலும் பிரியும். 'ஆஃப்' இரண்டு பக்கமும் விளையாடும்: விளக்கை 'டர்ன் இட் ஆஃப்', ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கினால் 'கெட் ஆஃப் இட்'. வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதும் உதவும். 'டர்ன் இட் ஆஃப்' என்னும்போது அழுத்தம் வாலில் விழுகிறது. 'லுக் அட் இட்' என்னும்போது அழுத்தம் 'லுக்'கில் விழுந்து 'அட்' பாதி விழுங்கப்படுகிறது. அழுத்தமாகக் கேட்கும் வால்தான் பொதுவாகப் பிரியும் வால். 'புட் அப் வித்' (பொறுத்துக்கொள்வது), 'ரன் அவுட் ஆவ்' (தீர்ந்துபோவது) போல இரண்டு வால் இருந்தால் பெரும்பாலும் பிரியாது.

பார்க்கும் வினையான 'லுக்' ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு மாதம் படிக்கலாம். ஃபார் சேர்ந்தால் தேடுவது, ஆஃப்டர் சேர்ந்தால் பேணுவது, இன்டு சேர்ந்தால் விசாரிப்பது, அப் சேர்ந்தால் அகராதி போன்றவற்றில் பார்த்துத் தெரிந்துகொள்வது, 'அப் டு' சேர்ந்தால் மதிப்பது, 'டவுன் ஆன்' சேர்ந்தால் இளக்காரமாகப் பார்ப்பது. நான் திருத்திய கட்டுரை ஒன்றில் போலீஸ் ஒரு திருடனை 'லுக்கிங் ஆஃப்டர்' செய்துகொண்டிருந்தது. நல்ல மனிதர்கள்.

வாலே வேண்டாத வினைகளும் உண்டு. தமிழில் 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று சொல்கிற பழக்கத்தில் 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின்னால் 'அபவுட்' போட்டுவிடுகிறோம். தேவையில்லை, 'வி டிஸ்கஸ்டு தி ப்ளான்' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். 'டிஸ்கஷன்' என்று பெயர்ச்சொல்லாக்கினால் மட்டும் 'அபவுட்' வரலாம். மென்ஷன், எம்ஃபசைஸ், ரீச் ஆகிய வினைகளுக்கும் வால் வேண்டாம். 'ரீச்டு டு தி ஸ்டேஷன்' வேண்டாம், 'ரீச்டு தி ஸ்டேஷன்' போதும். 'கோப் அப் வித்' என்பது 'கீப் அப் வித்'தையும் 'புட் அப் வித்'தையும் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டது. சமாளிப்பது என்பதற்குச் சரியானது 'கோப் வித்'. 'ரிட்டர்ன்' என்பதிலேயே திரும்புதல் இருப்பதால் 'பேக்' எதற்கு? 'பாஸ்டு அவுட் இன் 2015' என்று விண்ணப்பத்தில் எழுதினால், நம் வட்டாரத்துக்கு வெளியே படிப்பவர் நீங்கள் அந்த ஆண்டு மயங்கி விழுந்ததாக நினைப்பார். 'கிராஜுவேட்டட்' என்று எழுதுங்கள்.

கடிதத்தின் கடைசி வரியில் ஒரு கண்ணி இருக்கிறது. 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதுகிறார்கள். 'மீட்டிங் யூ' என்றுதான் வர வேண்டும். நான் வைத்திருக்கும் சோதனை எளிது: 'டு'வுக்குப் பின்னால் 'இட்' போட்டுப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு இட்' பொருந்துகிறது. அப்படியானால் அங்கே 'இங்' சேர்ந்த வடிவம் வரும். 'வான்ட் டு இட்' பொருந்தவில்லை. ஆகவே 'வான்ட் டு மீட்'. 'யூஸ்டு டு'விலும் இதே சிக்கல்தான். 'ஐ யூஸ்டு டு ரைட்' என்றால் முன்பு எழுதுவேன், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்டு டு ரைட்டிங்' என்றால் எழுதிப் பழகிவிட்டது.

எழுத்தில் ஒரு சின்ன விஷயம். 'பேக் அப்', 'லாக் இன்', 'செட் அப்' ஆகியவை வினையாக வந்தால் இரண்டு சொல். பெயராக வந்தால் ஒரே சொல். சந்தேகம் வந்தால் 'இங்' சேர்த்துப் பாருங்கள். 'பேக்கிங் அப்' என்று நடுவில் மாற்றம் வந்தால் அது வினை, இடைவெளி விடுங்கள்.

பட்டியலை மனப்பாடம் செய்வதை நான் நிறுத்தி வெகு காலம் ஆகிறது. அகர வரிசையில் படித்தால் 'பிரேக் டவுன்', 'பிரேக் இன்', 'பிரேக் அவுட்', 'பிரேக் அப்' எல்லாம் ஒரே நாளில் வந்து ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். ஒரு நோட்டில் வாலுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வாரத்துக்கு ஒரு வால், அன்றன்று எனக்கு நடந்ததை மட்டும் வாக்கியமாக எழுதுகிறேன். போன வாரத்து 'அவுட்' பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: 'தி பிரின்டர் ரேன் அவுட் ஆவ் இங்க்.' 'ஐ ட்ரைடு டு வொர்க் அவுட் வொய்.' 'மை சன் ஹேட் பிரின்டட் அவுட் 60 டைனோசார்ஸ்.'